பழைய காரின் மழைத்துடைப்பான்

ஐப்பசி பிறந்துவிட்டால் உழவர் வானத்தைப் பார்ப்பர். நெசவாளர் பாவைப் பார்ப்பர். கதிர் சாய்ந்துவிடுமோ என்பது ஒருவர் கவலை. தெருவில் பாவு விரித்துப் பசை போட இயலாமல் தறி நின்றுவிடுமோ என்பது மற்றவர் கவலை. பழைய மோட்டார் கார் ஒன்றை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பவருக்கோ இவற்றோடு மூன்றாவதாக ஒரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. முன் கண்ணாடியின் துடைப்பான், அதாவது நாம் வைப்பர் என்று வழங்கும் கருவி, இந்த மழையில் ஓடுமா என்பதே அது. ஆண்டில் ஒன்பது மாதம் அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய வேளையில் பார்க்க நேரமிருப்பதில்லை.

2019-ஆம் ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு, அந்தியூரில் ஒரு திருமணத்திற்குச் சென்றுவிட்டுப் பவானிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கார், என் தந்தையார் விட்டுச் சென்ற 1970-ஆம் ஆண்டு அம்பாசடர். பின் இருக்கையில் என் தமக்கையாரும் அவருடைய பேத்தியும் உறங்கிக்கொண்டிருந்தனர். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. துடைப்பானின் சுவிட்சைத் திருப்பினேன். நாலைந்து முறை தளர்ந்து தளர்ந்து ஓடிய இரு கைகளும் கண்ணாடியின் நடுவில் நின்றுவிட்டன. சற்றைக்கெல்லாம் காருக்குள் அரக்கு கருகிய நாற்றம் பரவியது. கண்ணாடியில் நீர் வழிய, எதிரே வரும் விளக்குகள் யாவும் ஒரே மஞ்சள் குழம்பாகத் தோன்றின. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தவன், முன்னால் கரிய சுவர் போல் ஏதோ நிற்பதை உணர்ந்து பிரேக்கை அழுத்தினேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் வண்டி. பின்னால் விளக்கு இல்லை. அச்சு முறிந்து சாலையிலேயே நின்றிருந்தது. எங்கள் காருக்கும் அதற்கும் இடையே ஓர் ஆள் படுக்கும் இடம் இருந்தது.

குழந்தை விழித்துக்கொண்டு, "வூடு வந்துருச்சுங்களா தாத்தா?" என்று கேட்டாள். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

மறுநாள் என்னை வருத்தியது அச்சம் மட்டுமன்று. முந்தைய ஆண்டு மழையிலேயே அந்தத் துடைப்பான் தளர்ந்து ஓடியதுண்டு. பட்டறையில் காட்டியபோது, "மோட்டார் தேய்ந்துவிட்டது" என்றார்கள். புது மோட்டார் வாங்கிப் பொருத்தினேன். பழையதைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். புதியது சில வாரம் சுறுசுறுப்பாகவே ஓடிற்று, நானும் திருப்தியடைந்தேன். அந்தப் புது மோட்டார்தான் ஓராண்டுக்குள் அவ்விரவில் கருகிற்று. மீண்டும் அதே பட்டறைக்குச் சென்றேன். மீண்டும் அதே விடை: மோட்டாரை மாற்ற வேண்டும்.

கருகியதற்குக் கம்பி சுற்றித் தருவாரா என்று கேட்க, கிணற்றுப் பம்பு மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் மோட்டாரை முகர்ந்து பார்த்துக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பம்பு இறுகிக் கெடந்தா மோட்டாரை மாத்தி என்னங்க ஆவுது? வண்டியக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். துடைப்பானின் கைகள் இரண்டையும் கழற்றிவிட்டு, அவை மாட்டியிருந்த சிறு தண்டுகளைக் குறட்டினால் பிடித்துத் திருகிப் பார்த்தார். இடப்பக்கத்துத் தண்டு முனகிக்கொண்டு அசைந்தது. வலப்பக்கத்துத் தண்டு அசையவே இல்லை. மோட்டாரே இணைக்கப்படாத நிலையில் இப்படி! எந்த மோட்டாரை வைத்தால்தான் என்ன?

பழைய கார்களின் துடைப்பானைப் பற்றி நான் கூற விரும்புவது இந்த ஒரு செய்தியைத்தான். தளர்ந்து ஓடும் துடைப்பானில் பழி மோட்டாரின் மேல் விழுகிறது. குற்றமோ பெரும்பாலும் அதற்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குள்ளும் தண்டுகளிலும் இருக்கிறது. அங்குள்ள இறுக்கத்தை நீக்காமல் புது மோட்டாரைப் பொருத்தினால், புதுப் பலத்தினால் அது சில நாள் இழுத்துப் பார்க்கும், பிறகு எரியும்.

இதனை விளங்கிக்கொள்ள அமைப்பைச் சற்று அறிதல் வேண்டும். அம்பாசடர் கார், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவியது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில், 1950-களின் இறுதி முதல் 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதனைச் செய்துவந்தது. அக்கால ஆங்கிலேயக் கார்கள் பலவற்றைப் போலவே இதிலும் லூகாஸ் முறைத் துடைப்பான் அமைந்துள்ளது. மோட்டார் ஒரே திசையில் சுழலும். அதன் தண்டில் உள்ள புரி, ஒரு பற்சக்கரத்தைச் சுழற்றும். அச்சக்கரத்தின் ஓரத்தில் உள்ள முளையில் ஒரு சிறு கை மாட்டப்பெற்றிருக்கிறது. அது ஒரு கட்டையை முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கும். நாடா போய் வருவது போன்ற அசைவு. அந்தக் கட்டையோடு பிணைந்த நீண்ட கம்பி ஒன்று உலோகக் குழாய்க்குள் ஓடுகிறது. வெறுங்கம்பியன்று, சுற்றிலும் வேறொரு கம்பி புரியாகச் சுற்றப்பெற்று, பற்கள் போன்ற மேடு பள்ளம் உடையது. மெக்கானிக்குகள் இதனை ரேக் கம்பி என்பர். கண்ணாடியின் கீழ் இரண்டிடத்தில் இக்கம்பி சிறு பெட்டிகளின் ஊடே செல்கிறது. வீல் பாக்ஸ் எனப்படும் அப்பெட்டிகளுள் இருக்கும் பற்சக்கரங்களைக் கம்பி இங்குமங்கும் உருட்ட, அவற்றின் தண்டுகள் காரின் உடலைத் துளைத்து வெளியே வந்து துடைப்பான் கைகளை ஆட்டுகின்றன.

இந்த அமைப்பில் மோட்டாரை எவரும் பார்க்கலாம். குழாயையும் வீல் பாக்ஸையும் பார்க்க வேண்டுமாயின் தலையை டாஷ்போர்டின் அடியில் நுழைத்து மல்லாந்து படுக்க வேண்டும். பட்டறைகளில் மோட்டாரே குற்றவாளியாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

இறுக்கம் எவ்வாறு உண்டாகிறது? தொழிற்சாலையில் குழாய்க்குள் இட்ட கிரீஸில் எண்ணெயும் சவர்க்காரச் சத்தும் கலந்திருக்கும். எஞ்சின் பக்கத்துச் சூட்டில் ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய் கசிந்தும் உலர்ந்தும் போய், எஞ்சியது பழுப்பு மெழுகாகக் கெட்டிப்படுகிறது. வழுக்க வேண்டியது ஒட்டுகிறது. மற்றொரு புறம், தண்டு உடலைத் துளைத்து வரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் வெடித்துவிட்டால் மழைநீர் தண்டு வழியே இறங்குகிறது. கிரீஸைக் கழுவி, தண்டையும் அதன் கூட்டையும் துருவினால் ஒட்டவைக்கிறது. எங்கள் காரின் வலப்பக்கத்துத் தண்டுக்கு நேர்ந்தது இதுவே.

கை நகராமல் மோட்டார் மட்டும் இழுக்க முயலும்போது மின்னோட்டம் பெருகுகிறது. இவ்வகைப் பழைய லூகாஸ் மோட்டார் இயல்பாக ஓடும்போது 2.7 முதல் 3.4 ஆம்பியர் வரை கொள்ளும். அசையாமல் நின்றுவிட்டால் 13 முதல் 15 ஆம்பியர். சுருளில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கு மடங்கு ஓட்டத்திற்குப் பதினாறு மடங்கு சூடு. கிணற்றில் பம்பு இறுகி மோட்டார் கருகிய அனுபவம் நம் உழவர் அன்பர்களுக்கு உண்டு. இங்கும் நிகழ்வது அதுவே. அளவு மட்டும் சிறிது. ஆகவே துடைப்பான் நடுவழியில் நின்றுவிட்டால் உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அவ்விரவில் நான் அதைச் செய்யவில்லை.

இடையில் ஒரு பழங்கதை. துடைப்பானுக்கு 1903-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் அம்மையார். நியூயார்க்கில் டிராம் வண்டியில் செல்கையில், பனிமழையில் ஓட்டுநர் படும் பாட்டைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றிற்று. உள்ளிருந்து கையால் ஒரு நெம்புகோலை ஆட்டினால் வெளியே ரப்பர்ப் பட்டை கண்ணாடியைத் துடைக்கும். அக்காப்புரிமையை விலைக்கு வாங்க ஒருவரும் முன்வரவில்லை. 1920-இல் அது காலாவதியாயிற்று. பின்னர், எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கும் துடைப்பான்கள் சில காலம் பெருவழக்காக இருந்தன. அவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. மேட்டில் ஏற ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சு விசை குறைந்து துடைப்பான் சோம்பிவிடும். அதை நோக்க நம் அம்பாசடரின் மின் துடைப்பான் பெரும்பேறு என்றே சொல்ல வேண்டும்.

இனிச் செப்பனிடும் முறைக்கு வருவோம். கோடையிலேயே ஒரு நாளை இதற்கென ஒதுக்குதல் நலம். பழைய கார்களோடு பழகிய கைகள் எனில் அரை நாள் போதும்.

முதலில் மோட்டாருக்கு மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். துடைப்பான் ஓடும்போது அதன் முனைகளில் 11.5 வோல்ட்டேனும் இருத்தல் வேண்டும். குறைந்தால் சுவிட்சு, பியூஸ், பச்சை பூத்த இணைப்பு, தளர்ந்த எர்த்துக் கம்பி ஆகியவற்றைப் பார்க்க. வோல்ட் சரியாக இருந்து, ஆம்பியர் மிகுந்து, ஓட்டமும் தளர்ந்திருந்தால் இறுக்கமே காரணம் எனலாம். வோல்ட் சரியாக இருந்து, ஆம்பியர் மிகக் குறைவாகவோ நிலையின்றியோ காணப்பட்டால் மோட்டாரின் கார்பனைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, துடைப்பான் கைகளை எடுக்க. அவை பல் வெட்டிய தண்டுத் தலையில் சிறு கொக்கிப் பிடிப்பினால் நிற்பவை. கொக்கியைத் தூக்கி நேராக இழுக்க வேண்டும். வராவிட்டால் அடியில் மரத்துண்டு கொடுத்து நெம்பலாம். காரின் உடல்மேல் திருப்புளியை ஊன்றி நெம்பினால் வர்ணம் பெயரும், தண்டும் வளையும். பிறகு மோட்டாரின் பற்சக்கரப் பெட்டியின் மூடியில் உள்ள திருகாணிகளை அகற்ற வேண்டும். மூடியின் ஓரத்து அடையாளத்தையும் அதற்கு நேராக நிற்கும் குறியையும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வைத்துக்கொள்க. காரணம் பின்னர் விளங்கும். முளையின் மேல் உள்ள லாக்கை எடுத்து, இணைப்புக் கையைத் தூக்கினால் ரேக் கம்பி விடுதலை பெறும்.

இப்பொழுதுதான் முக்கியமான சோதனை. காய்கறி நிறுக்கும் சுருள்வில் தராசு ஒன்றை எடுத்து, கம்பியின் தலைக்கட்டையில் உள்ள துளையில் அதன் கொக்கியை மாட்டி மெல்ல இழுக்க வேண்டும். கம்பி நகரும்போது தராசு 6 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோவுக்கு மேல் காட்டக் கூடாது. இது அக்காலக் கையேடுகள் வகுத்த வரம்பு. எங்கள் காரில் தராசின் முள் 10 கிலோவைத் தொட்டும் கம்பி நகரவில்லை. ஒரு தராசும் இரண்டு நிமிடமும் முதலாண்டே செலவழித்திருந்தால் ஒரு மோட்டாரின் விலை மிஞ்சியிருக்கும். அந்தக் கரும்பு வண்டியின் முன் நின்ற கணமும் நேர்ந்திராது.

கம்பி வெளிவந்தபின், வீல் பாக்ஸ்களின் பின்தகட்டைத் திறந்து சக்கரங்களை எடுக்கலாம். துருப்பிடித்த தண்டை அடித்துத் தள்ளக் கூடாது. மண்ணெண்ணெயும் சிறிது எண்ணெயும் கலந்து ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, கையை மீண்டும் மாட்டி இப்புறமும் அப்புறமுமாக மெல்ல அசைத்தால் வழிக்கு வரும். எங்களுடையதற்கு இரண்டு இரவு வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்த வேண்டும். குழாயைத் துப்புரவு செய்ய நம் தறிக்கூடத்தைவிட ஏற்ற இடமில்லை. கழிவு நூலை மெல்லிய கம்பியின் நுனியில் முடிந்து, மண்ணெண்ணெயில் நனைத்துக் குழாயின் ஊடே இழுக்க வேண்டும். பழுப்பு மெழுகு வருமளவும் நூலை மாற்றி மாற்றி இழுத்து, இறுதியில் உலர்ந்த நூலால் துடைக்க வேண்டும். எங்கள் காரில் ஒரு கூடை கழிவு நூல் கரியாயிற்று. குழாய் எங்கேனும் நசுங்கியிருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க. வளைவுகள் 9 அங்குல ஆரத்திற்குக் குறுகக் கூடாது. ரேடியோ பொருத்தியவரோ வேறு யாரோ குழாயை ஒதுக்கித் தள்ளி மடக்கியிருப்பதைப் பல கார்களில் காணலாம்.

சக்கரங்களைத் திரும்பப் பொருத்தும்போது ஒரு சிக்கன உபாயம் உண்டு. துடைப்பான் கை முழுவட்டம் சுற்றுவதில்லை. ஆகவே சக்கரத்தின் ஒரு பக்கத்துப் பற்களே தேய்ந்திருக்கும். அரைச் சுற்றுத் திருப்பிப் பொருத்தினால் தேயாத பற்கள் கம்பியைச் சந்திக்கும். கைகள் தளதளவென்று ஆடும் குறை பெரும்பாலும் இதனாலேயே நீங்கிவிடுகிறது. புது வீல் பாக்ஸ் வாங்குமுன் இதைச் செய்து பார்த்தல் தகும்.

கம்பிக்குப் புதிய கிரீஸைக் கையால் மெல்லப் பூசி நுழைத்தால் போதும். அள்ளி அப்புவதால் நன்மை இல்லை. நாளடைவில் அதுவே அடுத்த மெழுகு. தண்டைச் சூழ்ந்த ரப்பர் வளையத்திற்கோ கிரீஸும் எண்ணெயும் ஆகா. அவை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் சில துளி விட வேண்டும். இதனைக் கையேட்டில் படித்தபோது நான் நம்பவில்லை. முதியவரோ நெடுநாளாக அதைத்தான் செய்துவருகிறாராம்.

மோட்டாரைப் பற்றிச் சிறிதே கூற வேண்டும். பெட்ரோலில் நனைத்த துணியால் கம்யூட்டேட்டரைத் துடைத்து, தகடுகளுக்கிடையே அடைத்த கரித்தூளை மெல்லிய குச்சியால் நீக்குக. கார்பன் தன் கூட்டில் தடையின்றி அசைய வேண்டும். குட்டையாகிவிட்டால் மாற்ற வேண்டும். ஆர்மேச்சர் தண்டுக்கு நீளவாட்டில் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை அசைவு இருத்தல் வேண்டும். இரண்டு மூன்று எழுதுதாள்களின் கனம் என்று கொள்ளலாம். பின்னாளில் வந்த மோட்டார்களுக்கு இவ்வளவுகள் சிறிது மாறுபடும்.

மூடியைப் பொருத்தும்போது சுண்ணக்கட்டிக் கோடு உதவும். சுவிட்சை அணைத்தபின் கைகள் கண்ணாடியின் அடியில் வந்து படுப்பதற்குரிய சிறு விசை அம்மூடியில்தான் உள்ளது. மூடி திரும்பிவிட்டால் கைகள் நடுவழியில் நின்றுவிடும். கோடு போட மறந்தவர்கள் மூடியைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரியான இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுது ஆகும் என்பதை அனுபவத்தில் கூறுகிறேன். கைகளைக் கடைசியில் மாட்ட வேண்டும். முதலில் மோட்டாரை ஓட்டி நிறுத்தி, தண்டுகள் ஓய்வு நிலைக்கு வந்தபின் கைகளைக் கண்ணாடியின் அடியோரமாக வைத்து அழுத்துக.

இவ்வளவும் செய்துவிட்டு வெடித்த ரப்பரை மாட்டியவரும் உளர். ரப்பர்ப் பட்டையை ஆண்டுக்கொரு முறை மாற்றுதல் பெருஞ்செலவன்று. கண்ணாடியில் பாலிஷ் மெழுகும் சாலைப் புகையின் எண்ணெயும் படிந்திருந்தால் புது ரப்பரும் திட்டுத் திட்டாகவே துடைக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் கண்ணாடியையும் ரப்பரையும் துடைக்க வேண்டும். துடைப்பான் ஒரு பக்கம் செல்கையில் நன்றாகவும், திரும்புகையில் தடதடவென்று குதித்தும் ஓடினால், கை முறுகி, பட்டை கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கவில்லை என்று அறிக. கையை மெல்ல முறுக்கி நேராக்கலாம். சோதிக்கும்போது கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டே ஓட்ட வேண்டும். உலர்ந்த கண்ணாடியில் ஓட்டினால் ரப்பரும் கெடும், மோட்டாரும் திணறும். நீர் வழியும் கண்ணாடியில் நிமிடத்திற்கு 44 முதல் 48 முறை போய் வந்தால் எல்லாம் சரி.

எங்கள் காரில் வேலை முடிந்த நாளில் பொருத்துவதற்கு மோட்டார் இல்லை. கருகியதற்குப் புதுச் சுருள் சுற்ற ஒரு வாரம் ஆகும் என்றார் முதியவர். அப்பொழுதுதான் முதலாண்டு காகிதத்தில் சுற்றித் தந்த பழைய மோட்டாரின் நினைவு வந்தது. தேய்ந்துவிட்டது என்று தள்ளப்பட்ட மோட்டார், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துவந்து கரியைத் துடைத்துப் பொருத்தினோம். கண்ணாடியில் ஒரு குடம் நீரைக் குழந்தை ஊற்றிக்கொண்டே நிற்க, முதியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நாற்பத்தாறு. அந்த மோட்டார்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.